இந்தியக் கணக்கியல் தரநிலைகளும் அரியலூர், பெரம்பலூர் நிறுவனங்களின் நிதி அறிக்கைகளும்

இந்தியக் கணக்கியல் தரநிலைகள் (சுருக்கமாக இண்ட் ஏஎஸ்) என்பவை, இந்தியாவில் பெரிய நிறுவனங்கள் தம் நிதி அறிக்கைகளைத் தயாரிக்கும்போது பின்பற்ற வேண்டிய விதிகளின் தொகுப்பாகும். பன்னாட்டு நிதி அறிக்கைத் தரநிலைகளை (ஐஎஃப்ஆர்எஸ்) ஒட்டி அமைந்த இவை 2015 பிப்ரவரி 16 அன்று அறிவிக்கப்பட்டு, 2016 ஏப்ரல் 1 முதல் படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்டன.

ஒரு நிறுவனம் விற்கும் பொருளின் அளவையோ அதன் கைக்கு வந்து சேரும் பணத்தையோ இத்தரநிலைகள் மாற்றுவதில்லை. எந்தச் செலவு எந்த ஆண்டில் காட்டப்படுகிறது, எது சொத்தாகக் கருதப்படுகிறது, எது கடனாகக் கருதப்படுகிறது என்பவற்றையே மாற்றுகின்றன. இதனால் ஒரே நிறுவனத்தின் 2015ஆம் ஆண்டு அறிக்கையையும் 2020ஆம் ஆண்டு அறிக்கையையும் அருகருகே வைத்து எண்களை நேரடியாக ஒப்பிட்டால் தவறான முடிவுக்கு வர நேரிடும்.

சிமெண்ட் ஆலைகளும் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் நிறைந்த அரியலூர் மாவட்டமும், அதை அடுத்துள்ள பெரம்பலூர் மாவட்டமும் இம்மாற்றத்தைப் புரிந்துகொள்ள ஏற்ற இடங்கள் ஆகும். சுரங்கம், கிடங்கு, முகவர் வழி விற்பனை, அரசு ஊக்கக் கடன் என இத்தரநிலைகள் தொடும் இனங்களில் பெரும்பாலானவை இங்குள்ள தொழில்களில் காணப்படுகின்றன.

பின்னணி

பெரம்பலூர் மாவட்டம் 1995இல் திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. அரியலூர் 2001இல் தனி மாவட்டமாகி, 2002இல் மீண்டும் பெரம்பலூருடன் இணைக்கப்பட்டு, 2007 நவம்பரில் மறுபடியும் தனி மாவட்டமானது. இப்பகுதியில் கிரெட்டேசியக் காலக் கடற்படிவுகளில் உருவான சுண்ணாம்புக்கல் ஏராளமாகக் கிடைக்கிறது. அதை நம்பிப் பல சிமெண்ட் ஆலைகள் எழுந்தன. தமிழ்நாடு அரசுக்குச் சொந்தமான தமிழ்நாடு சிமெண்ட்ஸ் கழகத்தின் அரியலூர் ஆலை, ராம்கோ சிமெண்ட்ஸ் நிறுவனத்தின் ஆலத்தியூர், கோவிந்தபுரம் ஆலைகள், அல்ட்ராடெக் நிறுவனத்தின் ரெட்டிபாளையம் ஆலை, இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனத்தின் தளவாய் ஆலை, டால்மியா, செட்டிநாடு நிறுவனங்களின் ஆலைகள் ஆகியவை அவற்றுள் அடங்கும். பெரம்பலூர் மாவட்டத்தில் நாரணமங்கலத்தில் எம்.ஆர்.எஃப். டயர் ஆலையும், எறையூரில் பொதுத்துறைச் சர்க்கரை ஆலையும் உள்ளன.

2016க்கு முன் இந்நிறுவனங்கள் யாவும் ஏஎஸ் எனப்படும் பழைய கணக்கியல் தரநிலைகளின்படி கணக்கு எழுதின. அவை பெரும்பாலும் வாங்கிய விலையையும் நடந்து முடிந்த பரிமாற்றத்தையும் அடிப்படையாகக் கொண்டவை. புதிய தரநிலைகள் தற்போதைய மதிப்பு, நியாய மதிப்பு, எதிர்பார்க்கப்படும் இழப்பு போன்ற மதிப்பீடுகளுக்கு அதிக இடம் தருகின்றன. சட்ட வடிவத்தைவிடப் பொருளாதார உள்ளடக்கமே முதன்மையானது என்பது இவற்றின் அடிப்படைக் கருத்தாகும்.

நடைமுறைக்கு வந்த விதம்

இத்தரநிலைகள் நிறுமங்கள் சட்டம், 2013இன் கீழ் பின்வரும் கட்டங்களில் நடைமுறைக்கு வந்தன.

முதல் கட்டம் (2016 ஏப்ரல் 1 முதல்): நிகர மதிப்பு ₹500 கோடியோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்கள். பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டவை, பட்டியலிடப்படாதவை ஆகிய இரண்டும் இதில் அடங்கும்.

இரண்டாம் கட்டம் (2017 ஏப்ரல் 1 முதல்): பட்டியலிடப்பட்ட மற்ற நிறுவனங்கள், ₹250 கோடியோ அதற்கு மேலோ நிகர மதிப்புள்ள பட்டியலிடப்படாத நிறுவனங்கள். சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான சந்தையில் பட்டியலிடப்பட்டவற்றுக்கு விலக்கு உண்டு.

ஒரு நிறுவனம் இவ்வளையத்துக்குள் வந்தால் அதன் தாய் நிறுவனம், துணை நிறுவனங்கள், இணை நிறுவனங்கள், கூட்டு முயற்சிகள் ஆகியவையும் உள்ளே வருகின்றன. ராம்கோ, அல்ட்ராடெக், எம்.ஆர்.எஃப். போன்ற பெரிய நிறுவனங்கள் முதல் கட்டத்திலேயே மாறின. இவ்வரம்புகளுக்கு வெளியே உள்ள சிறிய நிறுவனங்களுக்கு, 2021இல் மீண்டும் அறிவிக்கப்பட்ட ஏஎஸ் விதிகளே பொருந்தும். ஆகவே ஒரே ஊரில் இயங்கும் பெரிய ஆலையும், அதற்கு உதிரிபாகம் செய்து தரும் சிறிய நிறுவனமும் வெவ்வேறு விதிகளின்படி கணக்குக் காட்டக்கூடும்.

முதல் கட்ட நிறுவனங்களின் 2016–17 அறிக்கையில் ஒப்பீட்டுக்காக 2015–16 எண்களும் புதிய விதிப்படி திருத்தி எழுதப்பட்டன. இதற்காக 2015 ஏப்ரல் 1 அன்றைய தொடக்க இருப்புநிலைக் குறிப்பு புதிதாகத் தயாரிக்கப்பட்டது. பழைய இலாபத்துக்கும் புதிய இலாபத்துக்கும் இடையிலான வேறுபாட்டை விளக்கும் சரிக்கட்டும் பட்டியலும் அவ்வறிக்கையில் கட்டாயமாகும். இம்மாற்றத்தைப் படிக்க விரும்பும் மாணவர்களுக்கு 2016–17 ஆண்டறிக்கையின் இப்பகுதியே மிகவும் பயனுள்ளது.

தொடக்க மதிப்பில் இருந்த தெரிவு

மாறும்போது நிலம், கட்டடம், இயந்திரம் ஆகியவற்றை எந்த மதிப்பில் காட்டுவது என்பதில் நிறுவனங்களுக்குத் தெரிவு வழங்கப்பட்டது. பழைய ஏட்டு மதிப்பையே தொடரலாம். அல்லது அன்றைய நியாய மதிப்பைத் தொடக்க விலையாக எடுத்துக்கொள்ளலாம்.

இதன் விளைவு நீண்டகாலம் நீடிக்கிறது. அடுத்தடுத்த ஊர்களில் ஒரே காலத்தில் கட்டப்பட்ட இரண்டு சிமெண்ட் ஆலைகளை எடுத்துக்கொள்ளலாம். ஒரு நிறுவனம் ஏட்டு மதிப்பைத் தொடர்ந்து, மற்றொன்று நியாய மதிப்பைத் தெரிவு செய்திருந்தால், இரண்டாவதன் சொத்து மதிப்பும் ஆண்டுத் தேய்மானமும் பொதுவாகக் கூடுதலாக இருக்கும். ஆலைகள் ஒரே அளவு உற்பத்தி செய்தாலும், முதலீட்டின் மீதான வருவாய் விகிதம் இரண்டாவதில் குறைவாகத் தெரியும். இரு நிறுவனங்களை ஒப்பிடுவதற்கு முன் அவற்றின் கணக்கியல் கொள்கைக் குறிப்பைப் படிக்க வேண்டியதன் காரணம் இதுவே.

சுண்ணாம்புக்கல் சுரங்கமும் கணக்கும்

சுரங்க மூடல் செலவு

அரியலூர்ப் பகுதிச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள் திறந்தவெளிச் சுரங்கங்கள் ஆகும். கல் எடுத்து முடிந்த பின் பெரும் பள்ளங்கள் எஞ்சுகின்றன. இந்தியச் சுரங்க விதிகளின்படி ஒவ்வொரு சுரங்கத்துக்கும் படிப்படியான மூடல் திட்டமும் இறுதி மூடல் திட்டமும் வேண்டும். சரிவுகளை உறுதிப்படுத்துதல், வேலி அமைத்தல், மேல்மண்ணைப் பரப்புதல், மரம் நடுதல், பள்ளத்தை நீர்த்தேக்கமாக மாற்றுதல் போன்ற பணிகள் இவற்றில் இடம்பெறும். இவற்றுக்கான பெருஞ்செலவு பல ஆண்டுகள் கழித்தே வரும். ஆனால் நிலத்தைத் தோண்டிய அன்றே அக்கடமை பிறந்துவிடுகிறது.

இக்கடமையை எவ்வாறு கணக்கில் காட்ட வேண்டும் என்பதை இண்ட் ஏஎஸ் 37 கூறுகிறது. வருங்காலச் செலவை மதிப்பிட்டு, அதை இன்றைய மதிப்புக்குக் குறைத்து, ஒதுக்காகப் பதிய வேண்டும். அதே தொகை சுரங்கச் சொத்தின் அடக்கவிலையிலும் சேர்க்கப்படும். சுரங்கத்தைத் திறக்கும்போதே உண்டாகும் சேதத்துக்குத் தொடக்கத்திலேயே ஒதுக்கு எழுதப்படுகிறது. தோண்டத் தோண்டக் கூடும் சேதத்துக்கு அந்தந்த ஆண்டில் ஒதுக்கு கூட்டப்படுகிறது.

எடுத்துக்காட்டாக, ஒரு சுரங்கத்தைத் திறந்ததால் உண்டான சேதத்தைச் சரிசெய்ய 20 ஆண்டுகள் கழித்து ₹10 கோடி தேவைப்படும் எனவும், வட்டி வீதம் 8% எனவும் கொள்வோம். (இவை விளக்கத்துக்கான கற்பனை எண்கள்.) அத்தொகையின் இன்றைய மதிப்பு ஏறத்தாழ ₹2.15 கோடி ஆகும். இருப்புநிலைக் குறிப்பில் ₹2.15 கோடி பொறுப்பாகவும் அதே அளவு சொத்தாகவும் பதியப்படும். முதல் ஆண்டில் ஏறத்தாழ ₹11 இலட்சம் தேய்மானமாகவும், ₹17 இலட்சம் வட்டிச் செலவாகவும் இலாப நட்டக் கணக்குக்குச் செல்லும். ஆண்டுதோறும் ஒதுக்கு வளர்வதால் வட்டிச் செலவும் வளர்ந்து, இருபதாம் ஆண்டில் ஏறத்தாழ ₹74 இலட்சமாகும். அந்த ஆண்டின் முடிவில் ஒதுக்கு சரியாக ₹10 கோடியை எட்டும்.

இங்கு யாருக்கும் வட்டி கொடுக்கப்படுவதில்லை. காலம் நெருங்க நெருங்கக் கடமையின் மதிப்பு கூடுவதையே இச்செலவு காட்டுகிறது. பழைய ஏஎஸ் 29இன்படி இவ்வாறு இன்றைய மதிப்புக்குக் குறைக்க இடமில்லை. 2016இல் அதுவும் இத்தகைய மீட்புச் செலவுகளுக்காகத் திருத்தப்பட்டது.

வட்டி வீதம், செலவு மதிப்பீடு, சுரங்கத்தின் ஆயுள் ஆகிய மூன்றும் நிர்வாகத்தின் கணிப்புகள் ஆகும். மேற்கண்ட எடுத்துக்காட்டில் வட்டி வீதத்தை 10% எனக் கொண்டால், ஒதுக்கு ₹2.15 கோடியிலிருந்து ஏறத்தாழ ₹1.49 கோடியாகக் குறைந்துவிடும். பள்ளமும் அதைச் சீர்செய்யும் வேலையும் மாறவில்லை. கணிப்பு மட்டுமே மாறியுள்ளது. ஆகவே ஒதுக்கின் தொகையோடு, அதற்கு எடுத்துக்கொண்ட அனுமானங்களையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

ஒதுக்கு என்பது தனியாக எடுத்து வைக்கப்பட்ட பணம் அல்ல என்பதும் கவனிக்கத்தக்கது. அது ஏட்டில் ஒப்புக்கொள்ளப்பட்ட கடமை மட்டுமே. சுரங்கத்தைச் சுற்றியுள்ள ஊர்களுக்குப் பாதுகாப்பாக அமைவது, சுரங்க விதிகளின்படி நிறுவனம் அளிக்க வேண்டிய வங்கி உத்தரவாதம் போன்ற நிதி உறுதியாகும். இவ்விரண்டும் வெவ்வேறானவை.

மேல்மண் அகற்றும் செலவு

சுண்ணாம்புக்கல் அடுக்கை அடைவதற்கு அதன் மேலுள்ள மண்ணையும் பயனற்ற பாறையையும் அகற்ற வேண்டும். உற்பத்தி நடக்கும் காலத்தில் இவ்வாறு செலவழிப்பதால் கல் அடுக்கின் ஒரு குறிப்பிட்ட பகுதியை அடைவது எளிதாகி, வருங்காலத்தில் பலன் கிடைக்குமானால், அச்செலவை அந்த ஆண்டின் செலவாக முழுதும் எழுதாமல் சொத்தாகப் பதிய வேண்டும் என இண்ட் ஏஎஸ் 16இன் பின்னிணைப்பு கூறுகிறது. பின்னர் அப்பகுதியிலிருந்து எடுக்கப்படும் கல்லின் அளவுக்கு ஏற்ப அது செலவாக மாற்றப்படும். இதனால் மேல்மண் அதிகமாக அகற்றிய ஆண்டில் இலாபம் திடீரெனச் சரிவதும், அடுத்த ஆண்டு திடீரென உயர்வதும் தவிர்க்கப்படுகிறது.

சுரங்கக் குத்தகை

2019 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த குத்தகைத் தரநிலையான இண்ட் ஏஎஸ் 116, கனிமங்களைத் தேடுவதற்கோ எடுப்பதற்கோ பெறப்படும் குத்தகைகளுக்குப் பொருந்தாது. எனவே அரசிடமிருந்து பெறும் சுரங்கக் குத்தகை இத்தரநிலையின் கீழ் வருவதில்லை. பெயரில் குத்தகை என்று இருப்பதால் மாணவர்கள் பலர் இவ்விடத்தில் குழம்புவதுண்டு.

கிடங்கு வாடகையும் குத்தகைத் தரநிலையும்

சிமெண்ட் நிறுவனங்கள் ஆலையிலிருந்து சரக்கைப் பல ஊர்களிலுள்ள கிடங்குகளுக்கு அனுப்பி, அங்கிருந்து விற்கின்றன. முன்பு கிடங்கு வாடகை மாதந்தோறும் செலவாக எழுதப்பட்டது. ஒப்பந்தப்படி இன்னும் பல ஆண்டுகளுக்குத் தர வேண்டிய வாடகை இருப்புநிலைக் குறிப்பில் கடனாக இடம்பெறவில்லை.

இண்ட் ஏஎஸ் 116இன்படி குத்தகை எடுத்தவர், இடத்தைப் பயன்படுத்தும் உரிமையைச் சொத்தாகவும், இனித் தர வேண்டிய வாடகையின் இன்றைய மதிப்பைப் பொறுப்பாகவும் காட்ட வேண்டும். 12 மாதங்களுக்கு மேற்படாத குத்தகைகளுக்கும், குறைந்த மதிப்புள்ள பொருள்களின் குத்தகைகளுக்கும் விலக்குப் பெறலாம்.

ஒரு கிடங்கு 5 ஆண்டுகளுக்கு, ஆண்டு வாடகை ₹10 இலட்சத்துக்கு எடுக்கப்படுகிறது எனவும், வாடகை ஆண்டு முடிவில் தரப்படுகிறது எனவும், வட்டி வீதம் 10% எனவும் கொண்டால், தொடக்கத்தில் பதியப்படும் பொறுப்பு ₹37.91 இலட்சம் ஆகும். ஆண்டுச் செலவு பின்வருமாறு அமையும்.

முதல் ஆண்டு: தேய்மானம் ₹7.58 இலட்சம், வட்டி ₹3.79 இலட்சம், மொத்தம் ₹11.37 இலட்சம்.

மூன்றாம் ஆண்டு: தேய்மானம் ₹7.58 இலட்சம், வட்டி ₹2.49 இலட்சம், மொத்தம் ₹10.07 இலட்சம்.

ஐந்தாம் ஆண்டு: தேய்மானம் ₹7.58 இலட்சம், வட்டி ₹0.91 இலட்சம், மொத்தம் ₹8.49 இலட்சம்.

ஐந்து ஆண்டுகளின் மொத்தச் செலவு முன்போலவே ₹50 இலட்சம்தான். ஆனால் முதல் ஆண்டுகளில் கூடுதலாகவும் பின்னர்க் குறைவாகவும் காட்டப்படுகிறது. மேலும், வாடகை என்ற செலவு மறைந்து தேய்மானமும் வட்டியும் அதன் இடத்தைப் பிடிப்பதால், வட்டி, வரி, தேய்மானம் ஆகியவற்றைக் கழிப்பதற்கு முந்தைய இலாபம் உயர்ந்து தெரியும். பங்குச் சந்தை ஆய்வாளர்களும் வங்கிகளும் அதிகம் பார்க்கும் எண் இதுவாகும். 2019–20இல் இந்த எண் உயர்ந்திருந்தால் அது வணிக முன்னேற்றமா, விதி மாற்றமா என்று பிரித்தறிய வேண்டும்.

விற்பனை வருவாய்

முகவர் தள்ளுபடிகள்

சிமெண்டும் டயரும் முகவர்கள் வழியாகவே பெருமளவு விற்கப்படுகின்றன. குறிப்பிட்ட அளவைத் தாண்டி விற்கும் முகவருக்கு ஊக்கத் தள்ளுபடி, விரைவில் பணம் செலுத்துபவருக்கு ரொக்கத் தள்ளுபடி என்பவை வழக்கமாகும். முன்பு இவற்றில் சிலவற்றை நிறுவனங்கள் விற்பனைச் செலவாகக் காட்டிவந்தன. 2018 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள இண்ட் ஏஎஸ் 115இன்படி, வாடிக்கையாளரிடமிருந்து இறுதியில் கிடைக்கும் எனக் கணிக்கப்படும் தொகையே வருவாய் ஆகும். தள்ளுபடி பின்னர்தான் தரப்படும் என்றாலும், விற்பனையின்போதே அதை மதிப்பிட்டுக் கழிக்க வேண்டும்.

ஒரு மூட்டை ₹350க்கு விற்கப்பட்டு ₹20 ஊக்கத் தள்ளுபடி தரப்படுவதாகவும், எல்லாச் செலவும் போக ₹33 இலாபம் நிற்பதாகவும் கொள்வோம். தள்ளுபடியைச் செலவாகக் காட்டினால் இலாப விகிதம் 9.4%, வருவாயிலிருந்து கழித்தால் 10%. இலாபத் தொகை மாறாமலே விகிதம் உயர்ந்துவிடுகிறது.

கலால் வரியும் 2017–18ஆம் ஆண்டும்

இக்காலத்து அறிக்கைகளைப் படிப்போர் அடிக்கடி தடுமாறும் இடம் கலால் வரி ஆகும். புதிய தரநிலைக்கு மாறியபோது கலால் வரி வருவாயோடு சேர்த்துக் காட்டப்பட்டு, பின்னர்ச் செலவாக எழுதப்பட்டது. 2017 ஜூலை 1 அன்று சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபின், அரசுக்காக வசூலிக்கப்படும் அவ்வரி வருவாயில் சேர்க்கப்படுவதில்லை. ஆகவே 2017–18ஆம் ஆண்டின் முதல் மூன்று மாத வருவாயில் கலால் வரி உண்டு. மீதி ஒன்பது மாதங்களில் இல்லை. அவ்வாண்டு விற்பனை அளவு கூடியிருந்தும் வருவாய் வளராதது போலத் தோன்றியிருந்தால், அதற்கு இது ஒரு காரணமாகும்.

முகவர்களிடம் நிற்கும் கடன்

பழைய முறையில், வசூலாகாது என்பதற்கான அறிகுறி தென்பட்ட பின்னரே வாரா ஐயக்கடன் ஒதுக்கு உருவாக்கப்பட்டது. இண்ட் ஏஎஸ் 109 அவ்வாறு காத்திருக்க அனுமதிப்பதில்லை. கடன் விற்பனை நடந்த உடனேயே, கடந்தகால அனுபவத்தையும் எதிர்காலச் சூழலையும் கருதி, எதிர்பார்க்கப்படும் இழப்பைப் பதிய வேண்டும்.

இதற்கு நிறுவனங்கள் பெரும்பாலும் ஒரு விகித அட்டவணையைப் பயன்படுத்துகின்றன. மொத்தக் கடன் ₹100 இலட்சம் எனக் கொண்டால், தவணை வராத ₹60 இலட்சத்துக்கு 0.5%, தவணை தாண்டி 90 நாள் வரையுள்ள ₹25 இலட்சத்துக்கு 2%, 91 முதல் 180 நாள் வரையுள்ள ₹10 இலட்சத்துக்கு 10%, அதற்கும் மேற்பட்ட ₹5 இலட்சத்துக்கு 40% என விகிதங்கள் இருந்தால், மொத்த ஒதுக்கு ₹3.80 இலட்சம் ஆகும். ஒருவர்கூட இன்னும் ஏமாற்றவில்லை என்றாலும் இத்தொகை இலாபத்திலிருந்து கழிக்கப்படும். கட்டுமானத் தொழில் மந்தமாகும் என்று கணித்தால் விகிதங்கள் உயரும்.

அரசு ஊக்கக் கடன்கள்

தொழில் தொடங்குவோருக்கு மாநில அரசுகள் வட்டியில்லாக் கடனோ குறைந்த வட்டிக் கடனோ அளிப்பதுண்டு. பழைய முறையில் பெற்ற தொகையே கடனாகக் காட்டப்பட்டது. புதிய முறையில் சந்தை வட்டி வீதத்தைக் கொண்டு கடனின் நியாய மதிப்பு கணக்கிடப்படுகிறது. 10 ஆண்டுகள் கழித்துத் திருப்பித் தர வேண்டிய ₹10 கோடி வட்டியில்லாக் கடனை 8% வீதத்தில் மதிப்பிட்டால், கடன் ஏறத்தாழ ₹4.63 கோடியாகும். மீதி ₹5.37 கோடி, இண்ட் ஏஎஸ் 20இன்படி அரசு மானியமாகக் கருதப்பட்டு, மானியத்தின் நோக்கத்துக்கேற்பப் பிந்தைய ஆண்டுகளில் வருமானமாக எழுதப்படும்.

அரசு ஒரு நிறுவனத்துக்கு அளித்த சலுகையின் உண்மையான மதிப்பு இதனால் வெளிப்படையாகிறது. ஆயினும், மாற்றத் தேதிக்கு முன் பெற்ற அரசுக் கடன்களைப் பழைய தொகையிலேயே தொடர இண்ட் ஏஎஸ் 101 வழிவகுக்கிறது. அதனால் பழைய சலுகைகளின் மதிப்பு எல்லா அறிக்கைகளிலும் தெரிவதில்லை.

ஊழியர் பணிக்கொடை

பணிக்கொடை போன்ற ஓய்வுக்காலக் கடமைகளை ஆயுள் கணிப்பாளர் ஆண்டுதோறும் மதிப்பிடுகிறார். வட்டி வீதம், ஊதிய உயர்வு போன்றவை பற்றிய கணிப்பு மாறும்போது ஏற்படும் ஆதாய நட்டங்கள் முன்பு இலாப நட்டக் கணக்கில் சேர்ந்தன. இண்ட் ஏஎஸ் 19இன்படி அவை பிற முழுமை வருமானம் என்ற தனிப் பகுதியில் காட்டப்படுகின்றன. ஆண்டு இலாபத்தை மட்டும் பார்ப்பவர்களின் கண்ணுக்கு இவை தப்பிவிடும்.

நிறுவனக் கையகப்படுத்தல்

2024 டிசம்பரில் அல்ட்ராடெக் நிறுவனம் இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனத்தின் கட்டுப்பாட்டைப் பெற்று, அதைத் துணை நிறுவனமாக்கியது. இத்தகைய கையகப்படுத்தலின்போது இண்ட் ஏஎஸ் 103இன்படி, வாங்கப்பட்ட நிறுவனத்தின் நிலம், ஆலை, சுரங்க உரிமை உள்ளிட்ட சொத்துகளும் பொறுப்புகளும் வாங்கியவரின் ஒருங்கிணைந்த அறிக்கையில் நியாய மதிப்பில் பதியப்பட வேண்டும். அவற்றுக்கு மேல் கொடுத்த விலை நற்பெயர் எனப்படும். நற்பெயரை ஆண்டுதோறும் சிறிது சிறிதாகக் குறைத்து எழுதுவதற்கு மாறாக, அதன் மதிப்பு குறைந்துள்ளதா என ஆண்டுக்கு ஒரு முறையேனும் சோதிக்க வேண்டும் என்பது புதிய விதியாகும்.

மாறாதவை

கணக்கில் இலாபம் மாறியதால் நிறுவனத்தின் மற்ற கடமைகள் எல்லாம் மாறிவிடுவதில்லை.

பணம்: கைக்கு வரும் மொத்தப் பணமும் கையிலிருந்து போகும் மொத்தப் பணமும் மாறுவதில்லை. எனினும் பணப்புழக்க அறிக்கையில் அவை இடம்பெறும் தலைப்பு மாறலாம். எடுத்துக்காட்டாக, குத்தகைக் கடனின் அசல் பகுதி இப்போது நிதியாக்க நடவடிக்கையில் காட்டப்படுகிறது.

வருமான வரி: வரிக்குரிய வருமானத்துக்கு வருமானக் கணக்கீட்டுத் தரநிலைகள் என்ற தனி விதிகள் உள்ளன. ஏட்டு இலாபத்தின் மீதான குறைந்தபட்ச மாற்று வரிக்காக 2017இல் தனித் திருத்தம் செய்யப்பட்டது.

பங்காதாயம்: நியாய மதிப்பால் ஏற்படும், இன்னும் கைக்கு வராத ஆதாயத்திலிருந்து பங்காதாயம் வழங்க நிறுமங்கள் சட்டத்தின் 123ஆம் பிரிவு அனுமதிப்பதில்லை.

நிறுவன சமூகப் பொறுப்பு நிதி: முந்தைய 3 ஆண்டுகளின் சராசரி நிகர இலாபத்தில் 2% என்ற இத்தொகை, 198ஆம் பிரிவின்படி கணக்கிடப்படும் இலாபத்தை அடிப்படையாகக் கொண்டது. அதிலும் நியாய மதிப்பு மாற்றங்கள் சேர்வதில்லை. ஆலையைச் சுற்றியுள்ள பள்ளிகளுக்கும் குளங்களுக்கும் செலவிடப்படும் இந்நிதி, ஏட்டளவு ஆதாயத்தால் கூடுவதுமில்லை.

வரம்புகளும் விமர்சனங்களும்

புதிய தரநிலைகள் மதிப்பீடுகளை அதிகம் நம்பியிருப்பதால், நிர்வாகத்தின் கணிப்புக்கு இடம் கூடிவிட்டது என்பது பொதுவான விமர்சனமாகும். பழைய விலை சரிபார்க்க எளிதானது. நியாய மதிப்பு அவ்வாறல்ல. இக்கணிப்புகளைத் தணிக்கையாளர் சோதிக்க வேண்டும். தணிக்கையின் தரத்தைக் கண்காணிக்க 2018 அக்டோபரில் தேசிய நிதி அறிக்கை ஆணையம் அமைக்கப்பட்டது. அறிக்கைகளின் குறிப்புகள் மிக நீண்டுவிட்டதால் சாதாரணப் பங்குதாரர் படிக்க இயலாத நிலை உள்ளது என்றும் கூறப்படுகிறது.

உள்ளூர் வாசகர்களைப் பொறுத்தவரை இன்னொரு வரம்பும் உண்டு. ஆண்டறிக்கை முழு நிறுவனத்துக்கும் உரியது. ஒரு நிறுவனத்துக்குப் பல மாநிலங்களில் ஆலைகளும் சுரங்கங்களும் இருக்கும்போது, அவை அனைத்துக்குமான சுரங்க மீட்பு ஒதுக்கு பொதுவாக ஒரே எண்ணாகக் காட்டப்படுகிறது. அரியலூர் மாவட்டத்தின் ஒரு குறிப்பிட்ட பள்ளத்துக்கு எவ்வளவு என்பதை அதிலிருந்து அறிய முடியாது. அதற்குச் சுரங்க மூடல் திட்டம், சுற்றுச்சூழல் அனுமதியின் நிபந்தனைகள், அவற்றை நிறைவேற்றியது குறித்து நிறுவனம் ஆறு மாதங்களுக்கு ஒரு முறை அளிக்க வேண்டிய அறிக்கை ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். நிதி அறிக்கை இவற்றுக்கு மாற்று ஆகாது. ஆனால் திட்டத்தில் உள்ள செலவு மதிப்பீடுகளோடு ஒப்பிடும்போது, நிறுவனம் தன் ஏட்டில் ஒப்புக்கொண்ட மொத்தத் தொகை போதுமானதா என்ற கேள்வியை எழுப்ப அது உதவும்.

அறிக்கையைப் படிக்கும்போது கவனிக்க வேண்டியவை

2015–16க்கு முந்தைய எண்களைப் பிந்தைய எண்களோடு நேரடியாக ஒப்பிடக் கூடாது. விதி மாறிய ஆண்டுகளான 2016–17 (தொடக்கம்), 2017–18 (கலால் வரி நீக்கமும் இரண்டாம் கட்டமும்), 2018–19 (வருவாய்), 2019–20 (குத்தகை) ஆகியவற்றில் தனிக் கவனம் தேவை.

இலாபம் உயர்ந்திருந்தால் பணப்புழக்க அறிக்கையையும் பார்க்க வேண்டும். செயல்பாடுகளிலிருந்து வரும் பணம் உயராமல் இலாபம் மட்டும் உயர்ந்திருந்தால் காரணம் தேட வேண்டும்.

ஒதுக்குகள் பற்றிய குறிப்பில் தொடக்க இருப்பு, ஆண்டில் சேர்த்தது, பயன்படுத்தியது, வட்டியாகக் கூடியது, இறுதி இருப்பு ஆகியவை தனித்தனியே தரப்பட்டிருக்கும். இவற்றில் பயன்படுத்தியது என்ற எண், அந்த ஆண்டில் உண்மையில் செய்யப்பட்ட மீட்புப் பணியின் செலவைக் காட்டுகிறது. பல ஆண்டுகளாக அது சுழியமாகவே இருந்தால், ஒதுக்கு ஏட்டில் மட்டுமே வளர்ந்துவருகிறது என்று பொருள்.

தணிக்கையாளர் அறிக்கையில் முக்கியத் தணிக்கை விடயங்கள் என்ற பகுதியை முதலில் படிப்பது நல்லது. எந்தக் கணிப்புகள் தணிக்கையாளரின் கவனத்தை அதிகம் ஈர்த்தன என்பது அதில் கூறப்பட்டிருக்கும்.

அடுத்த மாற்றம்

பன்னாட்டுக் கணக்கியல் தரநிலைகள் வாரியம் 2024 ஏப்ரலில் ஐஎஃப்ஆர்எஸ் 18 என்ற தரநிலையை வெளியிட்டது. 2027 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பின்னரோ தொடங்கும் நிதியாண்டுகளுக்கு அது பொருந்தும். இலாப நட்ட அறிக்கையில் வருமானத்தையும் செலவையும் செயல்பாடு, முதலீடு, நிதியாக்கம் ஆகிய வகைகளாகப் பிரிப்பதையும், செயல்பாட்டு இலாபம் என்ற கூட்டுத்தொகையைக் கட்டாயமாகக் காட்டுவதையும் அது வலியுறுத்துகிறது. இந்தியத் தரநிலைகள் பன்னாட்டுத் தரநிலைகளை ஒட்டியே அமைவதால், இம்மாற்றம் இந்திய நிறுவனங்களின் அறிக்கைகளுக்கு வரும்போது, ஆண்டுகளுக்கு இடையிலான ஒப்பீட்டில் மேலே கூறிய அதே எச்சரிக்கை மீண்டும் தேவைப்படும்.